ஜெர்மனி ஃபார்மில் நான் நிரப்பிய கட்டம்

பிள்ளைகள் வெளிநாட்டில் சம்பாதிக்க, உள்ளூரில் உட்கார்ந்து அவர்களுக்கு வருமான வரி ஃபார்ம் நிரப்பும் அம்மாக்களின் தொழிலுக்குச் சம்பளம் கிடையாது, லீவு கிடையாது, தப்பு நடந்தால் மட்டும் முழுப் பொறுப்பு உண்டு.

உங்களில் பலர் இந்தத் தொழிலில்தான் இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். மகனுடைய பான் கார்டு நம்பர் மனப்பாடமாக வருகிறதா? ஜூலை மாதம் பிறந்தால் ரிட்டர்ன் போடும் கடைசித் தேதி கனவில் வருகிறதா? வாருங்கள், நம்ம கூட்டம்தான்.

நான் விருதுநகரில் கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள். கட்டத்துக்கு வெளியே ஒரு எழுத்து நீட்டிக்கொண்டிருந்தால் ஸ்கேலைத் திருப்பி விரல் முட்டியில் போடுவார்கள். கல்யாணமாகிச் சிவகாசிக்கு வந்து, அச்சகம் வைத்திருப்பவருக்கு வருஷக்கணக்காகச் சமைத்துப் போட்ட பிறகு ஒருவழியாக அந்தப் படிப்புக்கு வேலை வந்தது. மகள் ஜெனிட்டா நர்ஸ் வேலைக்கு ஜெர்மனி போனாள். அவளுடைய ஃபார்மை எல்லாம் நான்தான் வாட்ஸப்பிலேயே நிரப்பிக் கொடுக்கிறேன் என்பது தெருவில் பரவியது. அதற்கப்புறம் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் யாரும் சாப்பிட்டதில்லை, எல்லாம் ஃபைல். அதே கையால் என் மகளின் கல்யாணத்தையே நான் சிக்கலில் மாட்டிவிட்டதும் இந்தத் தொழிலில்தான். அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

கம்பீரமான வருமானம்

முதல் கஸ்டமர் முத்துராஜ். எங்கள் அச்சகத்தில் பைண்டிங் பார்ப்பவர். அவர் மகன் கார்த்தி சிங்கப்பூரில் வெல்டர். அவன் இங்கே பேங்கில் போட்டு வைத்திருந்த பணத்தின் வட்டியில் வரி பிடித்துவிட்டார்கள். ரிட்டர்ன் போட்டால் திரும்பக் கிடைக்கும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். சரி, உட்காருங்கள் என்றேன்.

எல்லாம் போட்டுத் தாளை நீட்டினால் மனிதர் முகம் சுருங்கிப்போனது. மொத்த வருமானம் இம்புட்டுத்தானா என்றார். இது இந்தியாவில் வந்த வட்டி மட்டும், சிங்கப்பூர்ச் சம்பளத்தை இதில் சேர்க்கக் கூடாது, சேர்க்காததால்தான் பிடித்த வரி திரும்ப வருகிறது என்று மூன்று தடவை விளக்கினேன். நாடே வருமானத்தைக் குறைத்துக் காட்ட ஆடிட்டர் வீட்டு வாசலில் நிற்கிறது. இவர் கூட்டிக் காட்டச் சொல்லி என் வீட்டில் நிற்கிறார். காரணம் கேட்டேன். மகனுக்குப் பெண் பார்க்கிறார்களாம். இப்போதெல்லாம் பெண் வீட்டில் ஜாதகத்தோடு ரிட்டர்ன் காப்பியும் கேட்கிறார்களாம்.

“வரி போனாப் போகட்டும் மேடம், பொண்ணு வீட்டுக்காரக வாங்கிப் பாக்கையில தாளு கொஞ்சம் கம்பீரமா இருக்கணும்ல?”

கேட்டில் இருந்த காவல்

அந்தத் தாளைக் கம்பீரம் இல்லாமலே அனுப்பினேன். அனுப்பினால் போதுமா? கடைசியில் ஆறு நம்பர் ஓடிபி ஒன்று போனுக்கு வரும், அதைப் போட்டால்தான் ரிட்டர்ன் செல்லும். கார்த்தியின் ஆதாரோடு இணைத்திருந்தது அவன் அம்மா செல்வியின் போன் நம்பர். செல்வி வேலை பார்ப்பது தாயில்பட்டியில் ஒரு பட்டாசுக் கம்பெனியில். உள்ளே போன் கொண்டுபோகக் கூடாது. காலையில் எல்லாப் போனையும் கேட்டில் ஒரு பிளாஸ்டிக் கூடையில் போட்டுவிட்டுத்தான் ஷெட்டுக்குப் போகவேண்டும்.

சாயங்காலம் செல்வி வீட்டுக்கு வரும் நேரம் பார்த்து அந்த வெப்சைட் மூன்று நாளாகப் படுத்துக்கொண்டது. நான்காம் நாள் பகலில் போட்டுவிடுவது என்று முடிவு செய்தோம். செல்வி கேட்டில் இருந்த வாட்ச்மேனிடம் சொல்லி வைத்தாள்: பதினொரு மணிக்கு மேடம் ஆபீஸ் போனில் கூப்பிடுவாக, என் போனில் ஒரு நம்பர் வரும், படித்துச் சொல்லிவிடுங்கள். நானும் பதினொரு மணிக்குக் கூப்பிட்டேன். மெசேஜ் வந்துவிட்டதா என்றேன். வந்துவிட்டது என்றார். படியுங்கள் என்றேன். எதுக்கு மேடம் என்றார். நேரம் ஓடுகிறது, சீக்கிரம் என்றேன்.

“இந்த மாதிரி நம்பரை யாரு கேட்டாலும் சொல்லக் கூடாதுன்னு பேங்க்ல படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்காக மேடம், அதான் வந்த ஒடனேயே அழிச்சுப்புட்டேன்.”

இரண்டு எழுத்து

ஊருக்கெல்லாம் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தபோது என் வீட்டு நோய் போனில் வந்தது. ஜெனிட்டா முதல் தடவையாக ஜெர்மனியில் வருஷக் கணக்குத் தாக்கல் செய்ய உட்கார்ந்திருக்கிறாள். சம்பளச் சீட்டில் அவள் பெயருக்குப் பக்கத்தில் ‘rk’ என்று சின்னதாக இரண்டு எழுத்து. கீழே பிடித்தங்களில் ஒரு வரி கூடுதல். கூட வேலை பார்க்கிறவளிடம் கேட்டால், அது கோயிலுக்கு, அதாவது சர்ச்சுக்குப் போகிற வரியாம். இந்த ஊரில் குடியேறியதும் கொடுத்த ஃபார்மில் நீ உன் மதத்தை எழுதியிருக்கிறாயே, அன்றிலிருந்து பிடிக்கிறார்கள் என்றாளாம்.

அந்த ஃபார்மை அவளாகவா எழுதினாள்? போட்டோ எடுத்து எனக்கு அனுப்பினாள். மதம் என்ற கட்டத்தைப் பார்த்ததும் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். ஜெர்மன் பாஷையில் எனக்குப் புரிந்த ஒரே கேள்வி அது. ரோமன் கத்தோலிக்கர் என்று பெரிய எழுத்தில் போடு, கட்டத்துக்கு வெளியே போகாதே என்று சொன்னேன். அதுதான் சீட்டில் சுருங்கி ‘rk’ ஆகியிருக்கிறது. கன்னியாஸ்திரிகள் பார்த்திருந்தால் பூரித்துப் போயிருப்பார்கள்.

இனி பிடிக்காமல் இருக்கவேண்டுமென்றால் ஒரு ஆபீசுக்குப் போய், நான் திருச்சபையிலிருந்து விலகுகிறேன் என்று கையெழுத்துப் போடவேண்டுமாம். போடப்போகிறேன் என்றாள். ஞானஸ்நானம் கொடுத்த பிள்ளை அப்படிச் செய்யலாமா, வீட்டில் மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில் இது தேவையா என்று நான் ஆரம்பித்தேன்.

“ஞாயித்துக்கெழமையெல்லாம் எனக்கு டூட்டி, நான் கோயிலுக்குப் போக முடியல; கோயில் மட்டும் மாசம் தவறாம என் சம்பளத்துக்கு வந்துட்டுப் போகுதும்மா.”

பக்கத்து வீட்டுப் பெண்

மறுநாளே எங்கள் பங்குச் சாமியாரைப் பார்க்கப் போனேன். நேரடியாகக் கேட்க நாக்கு வரவில்லை. பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி ஜெர்மனியில் இருக்கிறாள் ஃபாதர், அவளுக்கு ஒரு சந்தேகம் என்று ஆரம்பித்து, சுற்றி வளைத்து முடித்தேன். ஃபாதர் நிதானமாகக் கேட்டுக்கொண்டார். அப்படிக் கையெழுத்துப் போட்டால் அங்கேயிருந்து ஞானஸ்நானம் வாங்கின பங்குக் கோயிலுக்குக் கடிதம் வரும், ரெஜிஸ்டரில் அவள் பெயருக்குப் பக்கத்தில் குறித்து வைப்போம், கல்யாணத்துக்குச் சான்றிதழ் எடுக்கும்போது அதுவும் சேர்ந்தே வரும் என்றார்.

மாப்பிள்ளை வீட்டார் முதலில் கேட்கிற காகிதமே அதுதான். ஜெனிட்டாவின் கையெழுத்து ஜெர்மனியில் விழுந்தால் சிவகாசியில் அவள் கல்யாணம் படுத்துவிடும். இதற்கெல்லாம் காரணம் என் பெரிய எழுத்து. நான் எழுந்திருக்கையில் ஃபாதர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

“அந்தப் பக்கத்து வீட்டுப் பொண்ணுக்கு, அவசரப்பட வேண்டாம்னு அவங்க அம்மா சொன்னதாச் சொல்லிருங்க.”

இரண்டு கோடு

அடுத்த வாரம் சூலக்கரையிலிருந்து ரீட்டா டீச்சர் வந்தார். மகன் அருள் ஜெர்மனியிலேயே இன்ஜினியர். ஜெனிட்டாவின் போட்டோ பிடித்துப்போய், மேற்கொண்டு பேச வந்திருந்தார். வந்ததிலிருந்து மகனின் பக்திதான் பேச்சு. அங்கே போயும் ஒரு ஞாயிறு பூசை விட்டதில்லையாம். உங்கள் மகளும் அப்படித்தானே என்றார். நான் வடைத் தட்டை நகர்த்தினேன்.

பிறகு கைப்பையைத் திறந்து அருளின் சம்பளச் சீட்டை என்னிடம் நீட்டினார். முத்துராஜ் சொன்னது பெண் வீட்டார் கேட்பார்கள் என்று. இவரோ கேட்காமலே கொண்டுவந்துவிட்டார். எனக்கு வேறு எதிலும் கண் போகவில்லை. ஜெனிட்டாவின் சீட்டில் அந்த இரண்டு எழுத்து இருக்கும் இடத்தில் இவர் மகனுக்கு வெறும் இரண்டு கோடு. கீழே அந்தக் கூடுதல் பிடித்தமும் இல்லை. ஒரு பூசை விடாத பிள்ளைக்கு ஜெர்மன் சர்க்கார் கணக்கில் மதமே கிடையாது. அந்தக் கோட்டைப் படிக்கத் தெரிந்த ஒரே பெண்பிள்ளை இந்த ஜில்லாவில் நானாகத்தான் இருப்பேன். எல்லாம் சரியா இருக்கா என்றார் டீச்சர். ரொம்பச் சுத்தமா இருக்கு டீச்சர் என்று சொல்லி மடித்துக் கொடுத்தேன்.

அவர் தலை மறைந்ததும் ஜெனிட்டாவைக் கூப்பிட்டு விஷயத்தைக் கொட்டினேன். அவள் உடனே அவன் நம்பரைக் கேட்டாள். இரண்டு வருஷமாக நான் அனுப்பிய ஒரு வரனின் நம்பரைக்கூட அவள் கேட்டதில்லை. முதல் போனில் ஒன்றரை மணி நேரம் பேசியிருக்கிறார்கள், பாதிக்குமேல் வருமான வரி. அவன் பூசைக்குப் போவது நிஜம்தானாம், கடைசி பெஞ்சில் உட்கார்ந்து காணிக்கைத் தட்டில் தன் கையால் போட்டுவிட்டு வருவானாம். ஃபார்மில் மட்டும், அந்தக் கட்டம் எதற்கென்று விசாரித்துவிட்டுக் காலியாக விட்டுவிட்டானாம். அம்மாவுக்குத் தெரியாது.

மூன்று வாரம் கழித்து ஜெனிட்டா சம்மதம் சொன்னாள். விலகல் கையெழுத்தையும் தள்ளிவைத்துவிட்டாள். கல்யாணம் எங்கள் பங்கிலேயே நடக்கவேண்டும், ஃபாதரிடம் நல்லபடியாகப் பேச ஒருத்தருக்காவது அந்த இரண்டு எழுத்து இருக்கட்டும், கட்டுகிற வரியில் பாதியை அவன் தருகிறேன் என்றிருக்கிறான் என்றாள். அருள் விஷயத்தை ஃபாதரிடம் அவனே சொல்லிக்கொள்வானாம். இத்தனை பேரைத் தட்டிக் கழித்தாயே, இவனிடம் அப்படி என்ன கண்டாய் என்று கேட்டேன்.

“நம்ம ரெண்டு வீட்லயும் ஒரு ஃபார்மைப் படிச்சுப் பாத்துட்டு எழுதுன ஒரே ஆளு இவருதாம்மா.”

கோயிலில் கல்யாண ஓலை, அதாவது பூசையில் கல்யாண அறிவிப்பு, வாசிக்கக் கொடுக்கும் ஃபார்ம் ஒரு வாரமாக எங்கள் சாப்பாட்டு மேஜையில்தான் கிடக்கிறது, ஆனால் மாப்பிள்ளை வந்து நிரப்பும்வரை நான் அதன் பக்கத்தில் பேனாவோடு போகக் கூடாது என்று மகள் உத்தரவு.