கம்பியும் தட்டும் ஃபைபரும்

குற்றாலச் சாரல் தொடங்கியதும் எங்கள் தெருவில் முதலில் பழுதாவது என் வீட்டுத் தொலைபேசிக் கம்பிதான். ரிசீவரை எடுத்தால் கரகரவென்று இரையும். சற்று நேரத்தில் அதில் வந்த இணையமும் போய்விடும். மடிக்கணினியைத் துணிப்பையில் போட்டு, குடை பிடித்து எதிர்வீட்டுக்குப் போவேன். அங்கே ஓய்வுபெற்ற தாசில்தார் இருந்தார். என்னைப் போலவே மனைவியை இழந்து தனியாக இருந்தவர். அவருடையது மாடியில் தட்டு வைத்துக் காற்றில் வாங்கும் இணைப்பு. சாரலுக்கு அசையாது, மலைக்காற்று இறங்கினால் தட்டு திரும்பிக்கொள்ளும். "என்னவே, உம்ம கம்பிக்குச் சளி பிடிச்சிட்டோ?" என்றுதான் கதவைத் திறப்பார். காற்று நாளில் அவர் என் வாசலில் நின்றால், "உம்ம தட்டு செங்கோட்டையத் தாண்டி கேரளாவப் பாக்குது போலுக்கு" என்பேன். வந்த வேலை சீக்கிரம் முடிந்துவிடும். பிறகு இருட்டும்வரை உட்கார்ந்து, இப்போது பணியில் இருப்பவர்களின் தவறுகளைத் திருத்துவோம். அவர்களுக்கு அது தெரியாது.

தெருவுக்கு ஃபைபர் வந்தபோது, "எதுவே நல்லது? நீரு ஆபீஸ்ல எல்லாம் பாத்தவரு" என்று கேட்டார். நான் வேலை பார்த்து ஓய்வுபெற்ற கருவூலத்தில் எங்களுக்கென்றே தனி இணைப்பு இருந்தது; யாரோடும் பங்கில்லை, அறுந்தால் அன்றே ஆள் வரவேண்டும் என்று ஒப்பந்தம். வீட்டு இணைப்புக்கு அப்படி யாரும் கடமைப்பட்டவர்களில்லை. எனவே முறைப்படி ஒப்பிட்டேன். கம்பி நனையும். தட்டு திரும்பும். செல்போன் டேட்டா, ஊரே பிடித்திழுக்கும் சாயங்காலத்தில் நொண்டும். ஃபைபருக்குள் போவது வெளிச்சம். ஈரம் அதை ஒன்றும் செய்யாது. இரு வீட்டுக்கும் ஃபைபர் என்று பரிந்துரைத்தேன். அவரும் ஒப்புதல் அளித்தார்.

அந்தச் சாரலில் ஒன்றும் பழுதாகவில்லை. அவர் அவர் வீட்டில், நான் என் வீட்டில். காரணம் எழுதாமல் அரைநாள் விடுப்புகூட எடுத்திராத இருவர், காரணமில்லாமல் எப்படி ஒரு வீட்டுக்குப் போவது? ஒருநாள் பொறுக்காமல் குடையை எடுத்தேன். "அங்கன நெட்டு கட்டாயிட்டு" என்றேன். உள்ளே அவருடைய டிவியில் இணையக் கச்சேரி தடையின்றி ஓடிக்கொண்டிருந்தது. அதைத் திரும்பிப் பார்த்தார். ரிமோட்டை எடுத்து அணைத்தார்.

"இங்கயும் காலைலருந்து கிடையாதுவே. உக்காரும்."

அதன் பிறகு எங்கள் இரண்டு வீட்டில் மட்டும் ஃபைபர் அடிக்கடி போயிற்று.

போன மாசியில் அவர் இறந்தார். மகள் வந்து வீட்டைப் பூட்டினாள். இணைப்பை ஒப்படைக்கும் நடைமுறையை அவளுக்கு நான்தான் சொல்லிக்கொடுத்தேன்.

இப்போதும் சாரல் பெய்கிறது, இணையம் நிற்பதேயில்லை. நேற்று மதியம் இணைப்பு நிறுவனத்திலிருந்து ஒரு பெண் பேசினாள். "சர்வீஸ்ல ஏதாச்சும் குறை இருக்கா சார்?"

இல்லை என்றேன். நன்றி சொல்லி வைக்கப்போனாள்.

"ஒருவேளை கட்டானா எப்படிம்மா கம்ப்ளெய்ன்ட் பண்ணணும்?"

எந்த எண்ணில் அழைப்பது, எப்படிப் பதிவது, தீராவிட்டால் மேலே யாரிடம் போவது என்று பொறுமையாகச் சொன்னாள். எல்லாம் எனக்குத் தெரிந்ததுதான்.

"முதல்லருந்து இன்னொரு தடவ சொல்லும்மா" என்றேன்.