ஈட்டி மரமும் மகாகனியும் எங்கள் வீட்டுக் கிருத்திகையும்

எங்கள் தெருவில் மாதக் கிருத்திகை அன்று சாயங்காலம் பெண்கள் பஜனை உண்டு. ஒவ்வொரு மாதமும் ஒரு வீட்டின் முறை. யார் வீட்டு முறையோ, அந்த வீட்டு அம்மாதான் முதல் பாட்டைப் பாட வேண்டும். அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் வாய் திறப்பார்கள். சுண்டலில் உப்பு இல்லையென்றால்கூட மன்னித்து விடுவார்கள். முதல் பாட்டு இல்லையென்றால் முறை பக்கத்து வீட்டுக்குப் போய்விடும். வல்லக்கோட்டை முருகன் நம் வாசல் வரைக்கும் வந்து, கதவு சாத்தியிருக்கிறதென்று திரும்பிப் போன மாதிரிதான் எனக்கு அது.

அந்த மாதம் எங்கள் முறை. என் மனைவியோ பாடுவதையே நிறுத்தியிருந்தாள்.

எல்லாம் ஒரு கீபோர்டால் வந்த வினை. பஜனையை நடத்துகிற அம்மாவின் அக்கா மகன் புதிதாகக் கீபோர்டு வாசிக்க வந்தான். வந்த அன்றைக்கே எல்லார் முன்னாலும், "ஆன்ட்டி, உங்க வாய்ஸ் லேடீஸ் வாய்ஸ் மாரியே இல்ல. ரொம்ப பேஸ்ஸா கீது. நீங்க கோரஸ்ல நின்னுக்கோங்க" என்று சொல்லிவிட்டான். இவள் சிரித்துக்கொண்டே ஜால்ராவைப் பக்கத்து அம்மா கையில் கொடுத்துவிட்டு வந்தாள். அதோடு சரி. விளக்கேற்றும்போதுகூட உதடுதான் அசையும், சத்தம் வராது.

அவள் குரல் கனம்தான், இல்லையென்று சொல்லவில்லை. கல்யாணமான புதிதில் என் போனை அவள் எடுத்தால் கம்பெனி ஆட்கள் "வணக்கம்ணே" என்பார்கள். ஆனால் அந்தக் குரலில் 'முருகா' என்று கூப்பிட்டால் அவனால் போகிற வழியில் போக முடியாது, நின்றே ஆக வேண்டும். இது என் நம்பிக்கை.

"கீபோர்டு வூட்டுக்குள்ள வந்தா நா வெளிய போய்டுவேன்" என்றாள்.

"சரி, கீபோர்டு வேணா. சும்மா பாடு."

"சும்மா பாட இன்னா, தாலாட்டா?"

கிருத்திகைக்கு ஒரு வாரம்தான் இருந்தது.

எங்கள் வீட்டு மாடி அறையில் இரண்டு தம்பிகள் குடியிருக்கிறார்கள். ஒருவன் திருநெல்வேலிப் பக்கம், இன்னொருவன் மதுரைப் பக்கம். இரண்டு பேருக்கும் ஒரகடம் கம்பெனிகளில் வேலை, இரண்டு பேரிடமும் ஆளுக்கொரு கித்தார். சேர்ந்து வாசித்து நான் கேட்டதில்லை. எந்தக் கித்தார் உசத்தி என்று சேர்ந்து சண்டை போட்டுத்தான் கேட்டிருக்கிறேன். ஒரு நாள் வேலை முடிந்து வந்ததும் நேராக மாடிக்குப் போனேன். அன்றைக்கும் சண்டைதான்.

"அண்ணாச்சி, வாங்க. நீங்களே ஒரு நியாயம் சொல்லுங்க" என்றான் நெல்லைத் தம்பி. "இவன் என் கித்தார சத்தக்காடுங்கான்."

"சத்தக்காடுதேன். நீ வாசிச்சா பாடுறவன் எங்கிட்டுப் போவான்?" என்றான் மதுரைத் தம்பி.

"ஏலே, முன்பலகை ஸ்ப்ரூஸ் மரம், முதுகு ஈட்டி மரம். ஒரு தட்டு தட்டுனா கோயில் மணி கணக்கா நின்னு கேக்கும். ஒன்னது முன்னயும் மகாகனி, பின்னயும் மகாகனி. போர்வைக்குள்ள கெடந்து பேசுத மாதிரில்லா இருக்கு."

நான் நெல்லைத் தம்பியின் கித்தாரை வாங்கிப் பார்த்தேன். முன்பலகை வெளுப்பாக, ஒரே சீராக ரேகை ஓடியது. இந்த மரத்தை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று யோசித்தேன். ஞாபகம் வந்தது.

"ஏம்பா, வெளிநாட்டுலேர்ந்து எங்க கம்பெனிக்கு சாமான் வர்ற பேலட்டுப் பொட்டி மரம் மாரி கீதே இது."

அவன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். "அண்ணாச்சி! பேலட்டுன்னு சொல்லிட்டியளே!"

மதுரைத் தம்பி பாயில் உருண்டு உருண்டு சிரித்தான்.

நெல்லைத் தம்பி கோபத்தை அடக்கிக்கொண்டு எனக்கு விளக்கினான். "கம்பி ரெண்டுலயும் ஒண்ணுதான் அண்ணாச்சி. வாசிக்க கையும் ஒண்ணுதான். டோன்வுட்டு மாறுனா சத்தமே மாறிப்போவும். எல்லாம் டோன்வுட்டுல இருக்கு."

என் காதில் அது 'டன்வுட்டு' என்று விழுந்தது. நான் பத்தாவதோடு நின்றவன். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். எங்கள் பிழைப்பில் எல்லாமே டன்தான். வண்டியின் மேலேயே எத்தனை டன் தூக்கும் என்று எழுதியிருக்கும். இவ்வளவு நேரம் இரண்டு பேரும் எதற்கு அடித்துக்கொள்கிறார்கள் என்பது எனக்குப் பளிச்சென்று விளங்கிவிட்டது. ஒரு கையில் அதையும் இன்னொரு கையில் இதையும் தூக்கிப் பார்த்தேன். ஈட்டி மரக் கித்தார்தான் கனம்.

கனமான லோடுக்குச் சின்ன வண்டியை விட்டால் பின் சக்கரம் தரையை விட்டுத் தூக்கிவிடும். இது எங்களுக்கு முதல் நாள் பாடம். குரல் கனமென்றால் மரமும் கனமாக இருக்க வேண்டாமா?

"இதான் டன் ஜாஸ்தி. நீயே எடுத்துக்கினு கீழ வாப்பா" என்றேன். நெல்லைத் தம்பிக்குப் பெருமை தாங்கவில்லை. நான் என்ன சொன்னேன் என்று அவனும் கேட்கவில்லை.

என் மனைவியைக் கெஞ்சிக் கூத்தாடி விளக்கு முன்னால் உட்கார வைத்தேன். அவன் ஒரு இழுப்பு இழுத்தான். சாமி அலமாரியில் இருந்த பித்தளைத் தட்டு கிணுகிணுத்தது. என்ன சத்தம்! எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இவள் தன் தாழ்ந்த குரலில் ஆரம்பித்தாள். அவன் விரலை எடுத்த பிறகும் கம்பி நின்று கணகணவென்று ஒலித்தது. அது அடங்குவதற்குள் அடுத்தது. நடுவில் இவள் குரல், கம்பெனி பஸ்ஸில் கடைசியாக ஏறிய ஆள் மாதிரி இடம் தேடி நின்றது. எட்டிப் பிடிக்கிறேன் என்று மேலே போனாள். குரல் உடைந்துவிட்டது.

"அந்தப் பையன் சொன்னது கரெக்ட்டுதான். எனுக்கு கோரஸ்தான்" என்று எழுந்து அரிசி களையப் போய்விட்டாள்.

முறை போனால் போகட்டும், இனிமேல் இவள் வாயைத் திறக்கவே மாட்டாள் என்று தோன்றியது. அந்த ஆற்றாமையை நெல்லைத் தம்பியிடம் காட்டினேன்.

"டன் இவ்ளோ ஜாஸ்தியா இருந்தும் இன்னாப்பா இப்டி ஆயிடுச்சி?"

"என்ன டன்னு?"

"நீதானே சொன்ன, டன்வுட்டுன்னு."

அவன் கித்தாரைக் கீழே வைத்தான். "அண்ணாச்சி, அது டன் இல்ல. டோனு! டோன்னா சத்தத்தோட கொணம்!"

வாசற்படியில் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த மதுரைத் தம்பி, "நல்லவேளண்ணே, மாடியில இருந்து எறக்க கிரேனு சொல்லாம விட்டீக" என்றான்.

அடுப்படியிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. அடித்தொண்டையிலிருந்து வருகிற சிரிப்பு. அதைக் கேட்டும் ரொம்ப நாளாகியிருந்தது. ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு அவளே வெளியே வந்தாள்.

"ஏம்பா மதுர, இவரு வேலைக்குப் போனப்பறம் நீ ஒண்ணு வாசிப்பியே, அந்தப் பொட்டி எங்க?"

"நீங்க கேட்டிருக்கீகளாக்கா?"

"கேக்காம? என் அடுப்புக்கு நேர் மேல உக்காந்துக்கினு வாசிக்கிற. நானும் கூடவே பாடுவேனே."

மதுரைத் தம்பியின் வாய் திறந்தபடியே நின்றது. "அப்ப அது ரேடியோ இல்லியா?"

"எது ரேடியோ?"

"கீழ பக்தி ரேடியோ வக்கிறாய்ங்கண்டுதேன் நெனச்சேன்க்கா. நைட் ஷிஃப்ட் வாரத்துல காலம்பற அது கூடவே வாசிச்சுப் பழகுவேன். சில நா பாட்டு பாதியில நின்டுரும். கரண்டு போயிருச்சாக்கும்னு நானும் நிப்பாட்டிருவேன்."

"அது பால் பொங்கிச்சுப்பா."

நான் நடுக்கூடத்தில் நின்றுகொண்டிருந்தேன். பாட்டே இல்லாத வீட்டில் இருக்கிறேன் என்று மாதக்கணக்காக முருகனிடம் முறையிட்டவன் நான். அவன் தினமும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறான். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

"நீங்க கேட்டா சும்மா இருப்பீங்களா? கிருத்திகைக்குப் பாடு, கிருத்திகைக்குப் பாடுன்னு என் பின்னாலயே சுத்துவீங்க."

நியாயமான பேச்சு. மதுரைத் தம்பி ஓடிப் போய் மகாகனிக் கித்தாரை எடுத்து வந்தான். வாசித்தான். தட்டு கிணுகிணுக்கவில்லை. எனக்குச் சிலிர்க்கவும் இல்லை. சத்தம் வந்தது, சொல்ல வந்ததைச் சொன்னது, ஒதுங்கி இடம் விட்டது. விட்ட இடத்தில் இவள் குரல் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது. எது கித்தார், எது குரல் என்று சில இடங்களில் எனக்குப் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

நெல்லைத் தம்பி தன் கித்தாரை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே கேட்டான். கடைசியில், "நம்மது தனியா வாசிக்கதுக்கு ராசா. பாடுத ஆளுக்கு அதான் சரி. இவன் முன்னால சொல்லிட்டேன், இனி சொல்லிக் காட்டியே தூங்க விட மாட்டான்" என்றான்.

கிருத்திகை அன்று கூடம் நிறைந்துவிட்டது. பஜனை அம்மா வந்தார். கீபோர்டுப் பையனும் கையை வீசிக்கொண்டு சுண்டலுக்கு வந்திருந்தான். மதுரைத் தம்பி கம்பெனிச் சட்டையோடேயே கித்தாருடன் உட்கார்ந்தான். அன்றைக்கும் அவனுக்கு நைட் ஷிஃப்ட்.

என் மனைவி கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தாள். பஜனை அம்மா ஜால்ராவைத் தூக்கியவர் தட்ட மறந்துவிட்டார். ஒரு பாட்டோடு முடிக்க வேண்டியது முறை. இவள் முடிக்கவில்லை. முடிந்த இடத்திலேயே இரண்டாவது பாட்டைப் பிடித்தாள். யாரும் நிறுத்தவில்லை. மூன்றாவது பாட்டில் பாதி போனபோது தெருமுனையில் கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது.

மதுரைத் தம்பியின் விரல் கம்பியில் இருக்கிறது, கண் வாசலில் இருக்கிறது. மறுபடியும் ஹாரன். அவன் என்னைப் பார்த்தான். முருகனா, சூப்பர்வைசரா என்று நான் என்ன தீர்ப்பு சொல்வது? போ என்று தலையாட்டிவிட்டேன். அவன் கித்தாரைக் கண்ணில் ஒற்றி என் மடியில் வைத்துவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினான்.

குரல் தடுமாறப் போகிறது என்று நான் இரண்டு கையாலும் கித்தாரைப் பிடித்துக்கொண்டேன். தடுமாறவில்லை. அவள் கண்ணைக்கூடத் திறக்கவில்லை. இன்னும் கீழே இறங்கிப் பாடினாள். அப்போது என் மடியில் கிடந்த கித்தார், யாரும் கம்பியைத் தொடாமலே, என் வயிற்றோடு ஒட்டி மெல்ல அதிர்ந்தது. அவள் இறங்கும்போதெல்லாம் அதிர்ந்தது, ஏறினால் அடங்கியது. கீபோர்டுப் பையன் சுண்டல் தொன்னையை என் பக்கம் நீட்டினான். வாங்க ஒரு கையை எடுக்க வேண்டுமே. பாட்டு முடிகிற வரைக்கும் நான் எடுக்கவில்லை.