இடப்பக்கத்துப் பள்ளம்

துடியலூர் டிங்கர் பட்டறையில் மயில்சாமியின் பழைய அம்பாசடர் இருக்கைகள் இல்லாமல் நின்றது. துருப்பிடித்த அடித்தகடு, தொட்ட இடமெல்லாம் அப்பளமாய் நொறுங்கியது. டிங்கர் அஃபான் இடப்பக்கத் துண்டை மட்டும் வெட்டியெடுத்து வெளிச்சத்தில் பிடித்தான்.

“ஏனுங்கண்ணா, இங்க கடப்பாரைய கிடப்பாரையப் போட்டீங்களா? இத்தாம்பெரிய பள்ளம்?”

ஒரு குதிகால் அளவுக்குக் குழி. மயில்சாமிக்குப் பார்த்ததும் தெரிந்துவிட்டது.

“செவ்வந்தி கால் வெக்கிற எடம்” என்றார்.

மில் ஃபிட்டரான அவர் கார் ஓட்டப் பழகியதே தலை நரைக்க ஆரம்பித்த பிறகுதான். வேலைக்கு மொபெட், காரை எடுத்தால் பக்கத்தில் மனைவி செவ்வந்தி இருப்பாள். அவள் பிறந்த ஊர் தாளவாடி. போய்விட்டுத் திம்பம் மலை இறங்கும்போது, வளைவுக்கு வளைவு அவள் கால் தரையை மிதிக்கும். தம்.

“உனக்கும் ஒரு பிரேக் வெச்சுத் தரச் சொல்லட்டுமா அம்மணி?”

“வெக்கச் சொல்லுங்க. உங்களுதவிட என்னுது நல்லாப் புடிக்கும்.”

போன தை மாதம் மாரடைப்பில் அவள் போய்ச் சேர்ந்தாள். அதற்கப்புறம் காரை எடுத்த போதெல்லாம் அவர் எதையாவது இடித்தார். ஒருநாள் நின்றிருந்த ஆட்டோ. இன்னொரு நாள் பக்கத்து வீட்டு கேட்.

“ட்ரம் பிரேக்கெல்லாம் இந்தக் காலத்துக்கு ஆகாதுங்கப்பா” என்றாள் மகள் சண்முகப்ரியா. “டிஸ்க் போடுங்க, அடித்தகடும் மாத்துங்க. அதுக்கும் மேல இடிக்கப் போனீங்கன்னா சாவிய எங்கிட்டக் குடுத்துப்போடோணும்.”

சரியென்றார். பிரேக்தான் கோளாறு என்று அவரும் நம்பியிருந்தார்.

புதுத் தகடு பற்றவைத்து, முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பூட்டியாயிற்று. மேட் மட்டும் இன்னும் விரிக்கவில்லை. சக்கரச் சத்தம் கேட்க அஃபான் பின்னால் உட்கார்ந்துகொள்ள, மயில்சாமி ஓட்டினார். கணுவாய் இறக்கத்தில் ஒரு பால் வேன் குறுக்கே நின்றது. அவர் அதை நன்றாகவே பார்த்தார். கால் பிரேக்கின் மேல்தான் இருந்தது. அழுத்தவில்லை. காது இடப்பக்கம் எதையோ எதிர்பார்த்துக்கொண்டிருந்தது.

“அண்ணா! புடிங்கண்ணா!”

கார் ஆணியடித்த மாதிரி நின்றது. வேன் கைக்கெட்டும் தூரத்தில்.

“பாத்தீங்களா! பழைய ட்ரம்மா இருந்தா இன்னைக்குப் பால்லயே குளிச்சிருப்போம்.”

மயில்சாமிக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை வருசமும் அவர் கால் எதிர்வண்டியைப் பார்த்து மிதிக்கவில்லை. செவ்வந்தி மிதிக்கும் சத்தத்தைக் கேட்டு மிதித்திருக்கிறது. இறங்கி, சுற்றி வந்து, இடப்பக்கம் ஏறிக்கொண்டார்.

“நீ ஓட்டு தம்பி.”

“ஏனுங்கண்ணா, மேலுக்கு முடியலீங்களா?”

“அதெல்லாமில்ல. புள்ள ஊட்டுக்கு உடு. சாவியக் குடுத்துப்போட்டு வாரேன்.”

வண்டி மறுபடி இறக்கத்தில் வேகம் பிடித்தது. வளைவில் ஒரு செங்கல் லாரி திரும்பியது. அஃபான் பிரேக்கைத் தொடுமுன்,

தம்.

புதுத் தகடுதான். சத்தம் மட்டும் அதேதான்.

“பயப்படாதீங்கண்ணா, நல்லாப் புடிக்குது” என்றான் அஃபான்.

மிதித்தது தன் கால்தானா என்று மயில்சாமி குனிந்து பார்க்க வேண்டியிருந்தது.