ரிஜெக்ட் அக்காவும் ஒரு தட்டு கிம்பாப்பும்

எங்கள் மாத்திரைக் கம்பெனியில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, ரிஜெக்ட் அக்காதான். ஓடும் பெல்ட்டின் முன்னால் நின்று, விளிம்பு உடைந்தது, புள்ளி விழுந்தது, நிறம் வெளுத்தது என்று பொறுக்கித் தள்ளுவது அவள் வேலை. வேலை முடிந்தும் அந்தக் கண் ஓயாது. பஸ்ஸில் முன்சீட்டுக்காரரின் காலர் கோணலாக இருந்தால் இறங்கும்வரை அக்காவுக்கு இருப்புக்கொள்ளாது.

பார்க்க வந்த மாப்பிள்ளைகளையும் அப்படித்தான் தள்ளினாள். ஒருவருக்குச் சிரிப்பு சத்தம், இன்னொருவருக்கு நகம் நீளம். நாற்பதைத் தாண்டியாயிற்று. இந்த முறை அண்ணி கறாராகச் சொல்லிவிட்டாள்: "இவரையும் ஏதாவது நொட்டை சொல்லித் தள்ளினே, இனிமே உன் கல்யாணப் பேச்சுக்கே நான் வரமாட்டேன்." அக்காவுக்குச் சுருக்கென்றது. தனியாக இருந்து அலுத்துப் போயிருந்தாள். அதை வெளியே சொல்லிக்கொண்டதில்லை, அவ்வளவுதான்.

இந்த முறை அண்ணி பார்த்திருந்தவர் லிஃப்ட் மெக்கானிக், மனைவியை இழந்தவர். பஸ் நிலையத்துக்கு எதிரே புதிதாகத் திறந்திருந்த கொரியச் சாப்பாட்டுக் கடைக்கு வரச் சொன்னார். "நானும் அங்கே சாப்பிட்டதில்லைங்க. ரெண்டு பேருமே முழிச்சா வெட்கப்பட வேண்டியதில்லையே."

அக்கா முன்னதாகவே போய்விட்டாள். உட்கார்ந்தாள், எழுந்தாள், கண்ணாடிக் கதவில் தலையைச் சரிபார்த்தாள், வெளிச்சம் குறைவான மேசைக்கு மாறினாள். அவர் வந்து உட்கார்ந்தபோது உப்பு டப்பாவைப் பார்த்துத்தான் வணக்கம் சொன்னாள்.

கிம்பாப் வந்தது. கடல்பாசித் தாளில் சோற்றைப் பரப்பி, முட்டை, கேரட், மஞ்சள் முள்ளங்கி எல்லாம் வைத்துப் பாய் மாதிரி சுருட்டி, வட்டவட்டமாக வெட்டியிருந்தார்கள். மேலே நல்லெண்ணெய் பளபளத்தது. அவர் கைகழுவப் போனார்.

திரும்பி வந்தபோது தட்டு இரண்டாகப் பிரிந்திருந்தது. அக்காவின் கை தன் பாட்டுக்கு வேலை செய்திருந்தது. ஒழுங்கான வட்டங்கள் அவள் பக்கம். கேரட் துருத்திய ஓரத்துத் துண்டுகள், பாசி கிழிந்து பிதுங்கியவை எல்லாம் அவர் பக்கத்து விளிம்பில்.

"அடடே, ஓரத்துத் துண்டெல்லாம் எனக்கா? இதுலதானே உள்ளே வெச்சது நிறைய இருக்கு!" ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். "என்னை இப்படி ஒருத்தர் கவனிச்சு ரொம்ப நாளாச்சுங்க."

அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பேசாமல் இருந்திருந்தால் காரியம் முடிந்திருக்கும். எங்கே, அவளாவது பேசாமல் இருப்பதாவது! எடுத்த துண்டைத் தட்டிலேயே திரும்ப வைத்தாள்.

"அது கவனிப்பு இல்லைங்க. அதெல்லாம் ரிஜெக்ட். கை பழக்கத்துல தள்ளிடுச்சு."

மெல்லுவதை அவர் நிறுத்தினார். "அப்போ என்னை எந்தப் பக்கம் தள்ளியிருக்கீங்க?"

போச்சு என்று நினைத்தாள். காலடியில் கிடந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ஆனால் எழுந்திருக்க முடியவில்லை. எழுந்தால் அண்ணி இனி வேறு மாப்பிள்ளை பார்க்கமாட்டாள்.

"உங்களை நான் இன்னும் பார்க்கவே இல்லைங்க. வந்ததுலேருந்து என்னையேதான் தள்ளிக்கிட்டு இருக்கேன். வயசு ஏறிடுச்சு, முழங்கால் பிடிச்சுக்குது, தலைக்குச் சாயம் வேற. நீங்க வேண்டாம்னு சொல்றதுக்குள்ள நான் சொல்லிடணும். எப்பவுமே அப்படித்தான் பண்றேன். எனக்குப் பயமா இருக்கு."

அவர் இன்னொரு பிதுங்கிய துண்டை எடுத்தார். நிதானமாக மென்று விழுங்கினார்.

"எனக்கும் சாயந்தாங்க."

அக்கா நிமிர்ந்தாள். மாத்திரையில் ஊசிமுனைப் புள்ளியைப் பிடிக்கிற அந்தக் கண், எதிரே காதோரம் பட்டையாக வெளுத்துக் கிடந்ததை இத்தனை நேரம் பார்த்திருக்கவில்லை. சாயம் பூசத் தெரியாதவர். சட்டைப் பொத்தானையும் மாற்றிப் போட்டிருந்தார். ஒவ்வொன்றாகப் பார்த்தாள். வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.