கழிவு என்று நான் எழுதிய வைக்கோல்

நெதர்லாந்தில் குப்பை போடுவதற்கே தனிப் படிப்பு வேண்டும். வந்து ஆறு வருடமாகியும், தேநீர்ப் பையைக் கையில் பிடித்துக்கொண்டு நான்கு தொட்டிகளுக்கு முன்னால் திருதிருவென்று விழிக்கிறேன். நூல் ஒன்றில், இலை ஒன்றில், அட்டை இன்னொன்றில். தப்பாகப் போட்டால் பக்கத்து வீட்டு அம்மாள் கதவைத் தட்டிவிடுவார். எதுவுமே வீண் இல்லை என்பது இவர்கள் கட்சி. எனக்குச் சோறு போடுவதும் அந்தக் கட்சிதான். வைக்கோலிலிருந்து எரிபொருளும் ரசாயனங்களும் எடுக்கும் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன் எங்கள் நிறுவனம் காவிரி டெல்டாவில் ஓர் ஆலை வைக்க நினைத்தது. நான் வலங்கைமான் பக்கம் பிறந்தவள் என்பதால், விவசாயிகளுக்கான கேள்வித்தாளைத் தமிழில் எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. அறுப்புக்குப் பின் வயலில் மிஞ்சுவது என்று எழுதியிருக்கலாம். படித்தவள் அல்லவா, 'பயிர்க்கழிவு' என்று எழுதினேன். "பயிர்க்கழிவை என்ன செய்கிறீர்கள்?" நம் ஆட்களுக்குக் கழிவு என்றால் பதரும் தூசியும்தான். "தூத்திட்டு வெளியில கொட்டிடுவோம்" என்று ஊர் ஊராகச் சொல்லியிருந்தார்கள். அந்தப் பதிலையெல்லாம் வைக்கோலுக்கான கட்டத்தில் ஏற்றியது நானேதான். வைக்கோல் போரில் ஏறி விளையாடியவள்! புத்தி எங்கே போயிருந்தது எனக்கு?

என் அக்கா செல்விக்கு நிலம் கிடையாது. அவள் நடவு நட்ட வயலில் அறுப்பு முடிந்ததும் வேண்டிய வைக்கோலை அள்ளிக்கொள்வாள். நிலக்காரர் ஏனென்று கேட்கமாட்டார். எந்தத் தாளிலும் இல்லாத வழக்கம் அது. அதில்தான் அவள் மாடு தின்றது, அந்த மாட்டுப் பாலில்தான் அவள் வீடு நடந்தது. ஆலை வந்ததும் நிலக்காரர்கள் வைக்கோலை மொத்தமாக நிறுவனத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

விஷயம் காதுக்கு வந்ததும் மேலாளர் எல்ஸாவிடம் ஓடினேன். "அது மாட்டுத் தீனி" என்றேன். அவர் பொறுமையாகக் கணினியைத் திருப்பிக் காட்டினார்.

"வெளியே கொட்டுவதாக அவர்களே சொல்லியிருக்கிறார்களே?"

"அவர்கள் சொன்னது வேறு."

"மொழிபெயர்த்தது நீங்கள்தானே?"

குத்திக் காட்டவில்லை. அவருக்கு நிஜமாகவே புரியவில்லை.

போன அறுவடையின்போது நிறுவன வேலையாக ஊருக்குப் போனேன். வைக்கோலை உருளையாகக் கட்டும் இயந்திரம் வயலில் ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு முன்னால் அவசர அவசரமாகக் குனிந்து அக்கா அள்ளிக்கொண்டிருந்தாள். வீட்டில் அவள் மாடு, நிறைசினை, விலா எலும்பு தெரிய நின்றது. டிரைவர் இறங்கி வந்தான்.

"ஏம்மா, கீழ போடு. இது கம்பெனி சரக்கு."

அக்கா என் பக்கம் கை காட்டினாள். "தோ நிக்கிறா பாரு கம்பெனி. அவளைக் கேளு."

என் கழுத்தில் தொங்கிய அட்டையைப் பார்த்ததும் அவன் குரல் மாறியது. "எடுத்துக்கட்டுங்களா மேடம்?"

"எடுத்துக்கட்டும்" என்றேன், பெரிய தர்மவதி மாதிரி.

அக்கா அள்ளியதை அப்படியே கீழே போட்டாள். "நான் நட்ட வயல்ல எனக்கு உத்தரவு குடுக்க நீ யாருடி?" வரப்பில் ஏறி நடந்துவிட்டாள்.

வெட்கம் பிடுங்கித் தின்றது. அவள் போட்டதை வாரி எடுத்துக்கொண்டேன். "இப்படிப் போடுங்க மேடம், சேத்து உருட்டிடலாம்" என்று டிரைவர் இன்ஜினை அணைக்காமல் காத்திருந்தான். வரப்புக் கோடியில் அக்கா திரும்பிப் பார்க்காமல் போய்க்கொண்டிருந்தாள். இரண்டு கை நிறைய வைக்கோலோடு நடுவயலில் நின்றேன்.