உஷ் சாரும் ஆறும்

என் அக்காவின் கணவருக்கு அவர் வேலை பார்க்கும் கடையில் வைத்திருக்கும் பெயர் உஷ் சார். குளியலறைச் சாமான்கள் விற்கும் பெரிய கடை அது. மேல் மாடிக்கு அவர் மேலாளர். தண்ணீரே வராத குழாய்கள் சுவர் முழுக்க வரிசையாகப் பதித்திருக்கும். யாரும் உட்காரப் போகாத பீங்கான் தொட்டிகள் விளக்கு வெளிச்சத்தில் பளபளக்கும். அவற்றுக்கு நடுவே கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஏதோ நாட்டையே ஆளுகிறவர் மாதிரி நடப்பார். விற்பனைப் பெண்கள் இரண்டு பேர் சேர்ந்து சிரித்தால் போதும், உதட்டில் விரலை வைத்து "உஷ்" என்பார். வாடிக்கையாளரின் குழந்தை அழுதாலும் அதே உஷ்தான். ஒருமுறை முதலாளி தும்மியபோது பழக்கதோஷத்தில் அவருக்கும் ஒரு உஷ் போட்டுவிட்டு, பிறகு வாரக்கணக்கில் அவர் முன்னால் குழைந்து கொண்டிருந்தாராம்.

வீட்டில் கேட்கவே வேண்டாம். அவர் கடைக்குக் கிளம்பிய பிறகுதான் அக்கா மிக்ஸியைப் போடுவாள். டிவியில் சத்தம் வைக்காமல், உதட்டசைவை வைத்தே நாடகத்தின் கதையைப் புரிந்துகொள்ளும் வித்தை அவளுக்குக் கைவந்திருந்தது. மேல் வீட்டில் நாற்காலியை நகர்த்தினால் துடைப்பக் கட்டையால் கூரையை இடிப்பார். அந்த இடிச் சத்தம்தான் கட்டடத்திலேயே பெரிய சத்தம் என்பதை அவரிடம் சொல்லும் தைரியம் யாருக்கும் வரவில்லை.

இப்படிப்பட்டவர் திடீரென்று ஒருநாள், ஒரு வாரம் விடுமுறை எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போகப் போவதாக அறிவித்தார். கைபேசியில் தேடிப் பிடித்திருந்தார்: அடர்ந்த காட்டுக்குள், ஆற்றங்கரையில் ஒரு மர வீடு. பக்கத்தில் வேறு வீடே கிடையாது. முன்பணம் கட்டிய கையோடு கட்டடத்தில் ஒவ்வொருவரையும் மாடிப்படியில் நிறுத்தி, மனுஷ நடமாட்டமே இல்லாத இடத்தில் ஒரு வாரம் இருந்துவிட்டு வரப்போவதாகவும், அமைதியின் அருமை எல்லோருக்கும் புரியாது என்றும் சொல்லிவைத்தார். அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. அதனால் நானும் போகவேண்டியதாயிற்று. பிள்ளைகளுக்குப் பரீட்சை இருந்ததால் என் மனைவி தப்பித்தாள்.

வீடு நன்றாகவே இருந்தது. பலகைச் சுவர், இரண்டு அறை, ஒரு சின்னச் சமையலறை, ஆற்றைப் பார்த்த மாதிரி அகலமான ஒரு வராந்தா. வராந்தாவுக்குக் கீழே பத்தடி இறங்கினால் பாறைகள். ஆறு அந்தப் பாறைகளில் மோதி, நுரைத்து, இரைந்துகொண்டு ஓடியது. அக்கா காரை விட்டு இறங்கியதும் செருப்பைக்கூடக் கழற்றாமல் நேரே அங்கேதான் போய் நின்றாள்.

அத்தான் பிரம்பு நாற்காலியை ஆற்றைப் பார்த்துத் திருப்பிப் போட்டு, சாய்ந்து உட்கார்ந்து, அமைதியை அனுபவிப்பதற்காகக் கண்ணை மூடினார். கொஞ்ச நேரத்தில் ஒரு கண்ணைத் திறந்தார்.

"இது எப்போ நிக்கும்?" என்று கேட்டார்.

லேசாகத் தூறிக்கொண்டிருந்த மழையைச் சொல்கிறார் என்று நினைத்தேன். அவர் ஆற்றைச் சொன்னார்.

நான் விளையாட்டாகச் சொல்லவில்லை. எழுந்து, பாதை முனையில் குடிசையில் இருக்கும் காவல்காரரிடம் போய், மேலே அணை ஏதாவது இருக்கிறதா, ராத்திரியில் தண்ணீரைக் குறைப்பார்களா என்று விசாரித்தார். எதையோ மென்றுகொண்டிருந்த காவல்காரர் நிதானமாக மென்று முடித்து, கோடையில் தண்ணீர் குறையும் என்றார். அதற்கு இன்னும் அரை வருஷம் இருந்தது. அத்தான் திரும்பி வந்து எல்லா ஜன்னல்களையும் சாத்தி, காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு படுத்தார். புழுக்கத்தில் வியர்த்துக் கொட்டியது. பஞ்சை எடுத்தால் ஆறு, ஜன்னலைத் திறந்தால் தவளை. காசு கொடுத்து வாங்கிய அமைதி அவரை விடியும்வரை புரட்டி எடுத்தது.

காலையில் என்னையும் கூட்டிக்கொண்டு, கைபேசிக்குச் சிக்னல் கிடைக்கும் வளைவு வரைக்கும் நடந்தார். கடைக்குப் பேசினார். அவர் இல்லாமல் கடை திணறிக்கொண்டிருக்கும் என்ற நம்பிக்கை முகத்தில் தெரிந்தது. எடுத்த பெண், எல்லாம் நல்லபடி போகிறது சார், நீங்கள் ஓய்வெடுங்கள் என்று சொல்லிவிட்டாள். பின்னால் யாரோ கலகலவென்று சிரிக்கும் சத்தம் எனக்கே கேட்டது. அத்தானின் விரல் தானாக உதட்டுக்குப் போயிற்று. அவ்வளவு தொலைவில் இருந்து என்ன செய்ய? விரலை இறக்கிக்கொண்டு திரும்பி நடந்தார்.

அக்காவோ வேறொருத்தியாக மாறிக்கொண்டிருந்தாள். பாத்திரங்களை ஒன்றோடொன்று மோதித்தான் கழுவினாள். ஆற்றின் இரைச்சலைத் தாண்டிக் கேட்கவேண்டும் என்பதால் கரையிலிருந்து "தம்பீ, சோப்பு எடுத்துட்டு வா!" என்று முழுத் தொண்டையில் கத்தினாள். இவளுக்கு இவ்வளவு பெரிய குரல் இருந்ததையே நான் மறந்திருந்தேன். துவைத்துக்கொண்டே ஏதோ பாடினாள். அத்தான் வராந்தாவில்தான் உட்கார்ந்திருந்தார். அவருக்கு ஆறு மட்டும்தான் கேட்டது.

மறுநாள் அக்கரையில் ஒரு வேன் வந்து நின்றது. பஸ் பணிமனையில் வேலை பார்க்கும் மெக்கானிக்குகள் சிலர், மனைவி பிள்ளைகளோடு வந்திருந்தார்கள். அடுப்பு மூட்டினார்கள், பந்து விளையாடினார்கள், வேனில் பாட்டு வைத்தார்கள். ஆறு போடும் சத்தத்தில் அந்தப் பாட்டு எங்கள் கரைக்குப் பாதிகூட வரவில்லை. ஆனாலும் அத்தானின் முகத்தில் அன்றைக்குத்தான் களை வந்தது. திட்டுவதற்கு மனிதர்கள் கிடைத்துவிட்டார்களே.

விறுவிறுவென்று பாறைகளில் இறங்கி, நுனிப்பாறையில் நின்று, இரண்டு கைகளையும் ஆட்டிக் கத்தினார். ஒரு வார்த்தைகூட அக்கரைக்குப் போகவில்லை. அவர்கள் பார்த்ததெல்லாம், ஆற்று நடுவே பாறையில் தனியாக நின்று கையை வீசிக்கொண்டிருக்கும் ஒரு மனிதரைத்தான். ஏதோ ஆபத்து என்று நினைத்து இரண்டு பேர் ஓடிவந்தார்கள். இவர் இன்னும் ஒரு அடி முன்னால் வைத்தார். பாசி. அப்படியே வழுக்கி உள்ளே போனார்.

அக்கா போட்ட அலறல் அக்கரை வரைக்கும் கேட்டது. எனக்கு நீச்சல் தெரியாது. கரையோரமாக ஓடத்தான் முடிந்தது. தடித்த உடம்பு மெக்கானிக் ஒருவர் இடுப்பில் வண்டி இழுக்கும் கயிற்றைக் கட்டிக்கொண்டு குதித்தார். மற்றவர்கள் கயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். ஆழமான மடுவுக்குள் போவதற்குச் சற்று முன்னால் அத்தானின் சட்டைக் காலரைப் பிடித்து, நீந்தி, எங்கள் கரையில் கொண்டுவந்து போட்டார். பின்னாலேயே மற்றவர்கள் கீழே இருந்த நடைபாலம் வழியாக ஓடிவந்தார்கள். அவர்களில் ஒருவரின் மனைவி நர்ஸ். அவர் அத்தானின் முதுகைத் தட்டித் தண்ணீரை வெளியேற்றினார்.

அத்தான் இருமினார், துப்பினார், மூச்சு வாங்கினார். பிறகு முதல் வார்த்தை பேசினார்.

"அந்தப் பாட்டை நிறுத்துங்க."

அவரை இழுத்துப் போட்ட மெக்கானிக் நனைந்த தலையோடு அக்கரைக்குக் கையைக் காட்டி, பாட்டை நிறுத்தவும் சொன்னார். அவருடைய பெருந்தன்மையைப் பார்த்து எனக்கே கூசியது.

அக்கா கணவரின் எதிரே வந்து நின்றாள். "முதல்ல அவங்களுக்கு நன்றி சொல்லுங்க."

அவரிடம் இதைச் செய்யுங்கள் என்று அவள் சொல்லி நான் கேட்டதே இல்லை. அத்தானும் கேட்டிருக்க மாட்டார்.

"நானே நீந்தி வந்திருப்பேன்" என்றார் அவர். "இவங்க இழுத்ததுலதான் முட்டி பேந்துடுச்சு."

நர்ஸ் அந்த முட்டிக்கு மருந்து போட்டபோது எரிகிறது என்று அவரிடமும் சிடுசிடுத்தார். அக்கா அதற்குமேல் அவரைப் பார்க்கவில்லை. ஒவ்வொருவரிடமும் கையைப் பிடித்து நன்றி சொன்னாள். அவர்கள் சாப்பிடக் கூப்பிட்டதும் பாலத்தைத் தாண்டி அவர்களோடே போய்விட்டாள். சாயங்காலம் திரும்பியபோது தலை ஈரமாக இருந்தது. பெண்களோடு ஆற்றில் குளித்திருக்கிறாள்.

அத்தான் பெட்டியைக் கட்டி வாசலில் வைத்திருந்தார். "கிளம்பு, வீட்டுக்குப் போறோம்."

"நீங்க போங்க. வாடகை நாள் முடியுற வரைக்கும் நான் இருக்கேன்."

"தனியாவா? இந்தக் காட்டுலயா? பயமா இருக்காது உனக்கு?"

"இங்க என்ன பயம்?" என்றாள் அக்கா. 'இங்க' என்ற சொல்லை அவள் கொஞ்சம் அழுத்தித்தான் சொன்னாள். அவருக்கு அது உறைத்ததாகத் தெரியவில்லை. என்னைப் பார்த்தார். நான் ஆற்றைப் பார்த்தேன்.

அவரை ஏற்றிக்கொண்டு வந்தேன். வழி நெடுக, வண்டி திரும்பும்போது இண்டிகேட்டர் டிக் டிக் என்று அடிப்பதைப் பற்றிக் குறை சொன்னார். வீடு சேர்ந்த கையோடு அந்த மர வீட்டைப் பற்றி இணையத்தில் ஒரு விமர்சனம் எழுதி, ஒரே ஒரு நட்சத்திரம் போட்டார்: 'ஆற்றுச் சத்தம் அதிகம். புகார் செய்தும் நடவடிக்கை இல்லை.'

வாடகை நாள் முடிந்ததும், கூப்பிட வந்த மெக்கானிக்குகளின் வேனில் அக்கா வாசலில் வந்து இறங்கினாள். அதற்குள் கடையில் கதை வேறு விதமாகப் பரவியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைக் கணக்காளரை அழைத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்திருந்தார் அத்தான்; அக்காவும் கூட வந்திருந்தாள். அந்த அப்பாவி மனிதர், ஆற்றில் அடித்துப் போன ஒரு மெக்கானிக்கைக் குதித்துக் காப்பாற்றிய வீரரைக் கணவராக அடைய அக்கா கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்றார். அக்கா காப்பிக் கோப்பையை அவர் கையில் கொடுத்தாள்.

"முழுகினதே இவர்தான் சார். இழுத்துப் போட்டவர் வர்ற வாரம் எங்க வீட்டுக்கு வர்றாரு. சந்தேகமா இருந்தா வந்து கேட்டுக்குங்க."

கணக்காளருக்குக் காப்பி புரையேறியது. அத்தான் சுவரில் மாட்டியிருந்த காலண்டரையே படித்துக்கொண்டிருந்தார்.

சொன்னபடியே அவர்கள் வந்தார்கள். கூடத்தில் சாப்பாடும் சிரிப்புமாக ஒரே அமர்க்களம். அத்தான் தலைவலி என்று அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். அவர் இல்லாததை விருந்தாளிகள் கவனித்ததாகவே தெரியவில்லை.

இந்த வருஷம் அதே மர வீட்டை அக்காவும் அந்த நர்ஸும் சேர்ந்து எடுத்திருக்கிறார்கள். போய் மூன்று நாள் ஆகிறது. அத்தானை யாரும் வருகிறீர்களா என்று கேட்கவில்லை. அவர் சாப்பாட்டுக்கு எங்கள் வீட்டுக்குத்தான் வருகிறார். நேற்று என் மகள் பிஸ்கட்டைக் கடிக்கும் சத்தம் தாங்கவில்லை என்று முகத்தைச் சுளித்தார். தட்டை எடுத்துக்கொண்டு பால்கனியில் போய் உட்காரச் சொன்னாள் என் மனைவி, மகளை அல்ல. அவரும் எழுந்து போனார்.