கறுப்பு ஷூவின் முறை

எங்கள் அரசு மருத்துவமனையில் கட்டுப்போடும் அறை வாசலில் ஆட்கள் வரிசையில் நிற்பதில்லை, செருப்புகள்தான் நிற்கும். வந்தவர்கள் செருப்பை விட்டு இடம் பிடித்துவிட்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்துகொள்வார்கள். தாம்பரத்து வெயிலுக்கு அது நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஆட்களை உள்ளே அனுப்பும் ஊழியருக்குக் கண் கொஞ்சம் கூர்மை. ஷூ, தோல் செருப்பு என்றால் "சார், வாங்க" என்று முதலில் அழைப்பார். ரப்பர் செருப்பைக் காலாலேயே ஓரம் தள்ளுவார்.

என் வீட்டுக்காரர் சாக்கடை அடைப்பு எடுப்பவர். கண்ணாடி குத்தி வலது கால் பெருவிரல் சீழ் பிடித்துவிட்டது. விடிவதற்குள் போய் முதல் ஆளாகச் செருப்பை விட்டும், இரண்டு முறை அவர் முறை வருவதற்குள் அறையைப் பூட்டிவிட்டார்கள். "நாத்தம் தாங்கல, தள்ளி ஒக்காரு" என்றதுதான் அங்கே கிடைத்த வைத்தியம். நாள் தவறாமல் கட்டு மாற்றாவிட்டால் விரலை எடுக்க வேண்டிவரும் என்று முதல் நாள் காலைப் பார்த்த டாக்டரம்மா எச்சரித்திருந்தார். போய் நியாயம் கேட்கலாம் என்றேன். இவரோ, வாயைத் திறந்தால் இருப்பதும் போய்விடும் என்றார்.

நானா சும்மா இருப்பேன்? சிட்லபாக்கத்தில் நான் வேலை செய்யும் வீட்டு சார் ரிட்டயர்டு ஆனவர். அவருடைய ஆபீஸ் ஷூ பரணில் தூங்கிக்கொண்டிருந்தது. கேட்டேன், கொடுத்தார். எதற்கென்று கேட்கவில்லை, கேட்டிருந்தால் வேடிக்கை பார்க்கக் கூடவே வந்திருப்பார். தேங்காயெண்ணெய் போட்டுத் தேய்த்ததில் முகம் பார்க்கலாம் போல ஆனது.

மறுநாள் அதை வரிசையில் வைத்தேன். கதவு திறந்ததுதான் தாமதம், ஊழியரின் குரலில் தேன் வடிந்தது.

"ஷூ சார் யாரு சார்? உள்ள வாங்க சார்."

என் தோளைப் பிடித்துக்கொண்டு, பழந்துணி சுற்றிய காலைத் தூக்கியபடி இவர் நொண்டி வந்தார். ஊழியரின் முகம் சுருங்கியது.

"இன்னாய்யா கூத்து இது? இந்தக் கால்ல எப்படி ஷூ போட்டுகினு வந்த?"

அதுவரை வாயே திறக்காத மனுஷன் திறந்தார்.

"இத்தினி நாளா செருப்பத்தான பாத்துகினு இருந்த. காலை இன்னிக்குத்தான் சார் பாக்குற."

மரத்தடி மொத்தமும் சிரித்தது. சத்தம் கேட்டு டாக்டரம்மா வெளியே வந்தார். ஆளுக்கு ஆள் நடந்ததைப் போட்டுக் கொடுத்தார்கள். இனி வந்த வரிசைப்படிதான் அனுப்ப வேண்டும் என்று ஊழியரிடம் கறாராகச் சொல்லிவிட்டு, அவரே உட்கார்ந்து இவருக்குக் கட்டுப் போட்டார். விரல் பிழைத்தது.

அடுத்த தடவை ஷூ இல்லை, அது பரணுக்குத் திரும்பிவிட்டது. இவருடைய இடது கால் ரப்பர் செருப்பு மட்டும் வரிசையில் முதலாவதாகக் கிடந்தது. ஊழியர் அதையே கொஞ்ச நேரம் பார்த்தார். கலெக்டருடையதாக இருந்தாலும் இருக்கும் என்று பயந்தாரோ என்னவோ.

"ஒத்தச் செருப்பு யாருதுங்க? உள்ள வாங்க."

எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. திரும்பி இவரைப் பார்த்தேன். வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து, மனுஷன் எழுந்திருக்கவே இல்லை.